யாரோ பெற்ற பிள்ளையின் பெயர்

பதுளை டவுனிலிருக்கும் படைவீரர் நினைவுத்தூணைச் சுற்றிப் புல் வெட்டத் தேயிலைத் தோட்டத்திலிருந்து எங்களை லொறியில் அனுப்பினார்கள். மறுநாள் அங்கே விழா. என் அக்காவும் வந்தாள். அவள் மகன் கிளிநொச்சிப் பக்கம் கடை வேலைக்குப் போனவன். சண்டை முடிந்தும் உயிரோடும் வரவில்லை, பிணமாகவும் வரவில்லை. திரும்பி வருகிறவனுக்காக அழுவது அபசகுனம் என்று சொந்தக்காரர்கள் அவள் வாயை அடைத்து வைத்திருந்தார்கள். அப்படிப்பட்டவளைக் கொண்டுபோய் அடுத்தவர் பிள்ளைகளின் கல்லைத் துடைக்க விட்டால் எப்படியிருக்கும்? அனுப்பியவர்கள்மேல் எனக்கு ஆத்திரமாக வந்தது.

அந்த நேரம் பார்த்து ஒரு சிங்கள அம்மா பூத்தட்டோடு வந்தார். கல்லில் வெட்டியிருந்த ஒரு பெயரை முந்தானையால் துடைத்து, அதில் கன்னத்தை வைத்து அழுதார். பார்த்துக்கொண்டிருந்த அக்கா திடீரென்று வாய்விட்டு அழுதுவிட்டாள். அந்த அம்மா அவள் கையைப் பிடித்து, "உங்க மகனா? எந்தப் பேர்?" என்று சிங்களத்தில் கேட்டார். அக்காவுக்குச் சிங்களம் விளங்கும், வாசிக்கத் தெரியாது. கைக்கெட்டிய ஒரு பெயரைத் தொட்டாள். அந்த அம்மா தன் பூவில் பாதியை அதன் கீழே வைத்தார்.

"ஏங்க்கா இப்படிப் பொய் சொன்ன?" என்றேன், லொறியில் ஏறியதும்.

"அழுறதுக்கு ஒரு எடம் வேணாமாடி?"



அடுத்த வருடம் எங்களை யாரும் அனுப்பவில்லை. நாங்களாகவே பஸ் ஏறினோம். எங்கள் லயத்து வீட்டு வாசலில் பூத்திருந்த செவ்வந்தியை அக்கா பறித்து வந்திருந்தாள். போய்ப் பார்த்தால், அக்கா தொட்ட அந்தப் பெயருக்கு முன்னால் ஒரு கிழவர் நிற்கிறார். எழுத்தைத் தடவித் தடவி, "புதே, மகே புதே" என்று சிங்களத்தில் மகனைக் கூப்பிட்டு விம்முகிறார். பெற்றவர் வந்துவிட்டார். அக்கா பூவை அவர் பக்கத்தில் வைத்துவிட்டு, பிடிபட்ட திருடியைப் போல விலகி வந்தாள்.

அந்தக் கிழவர்மேலும் எனக்குக் கோபம் வந்தது. பாவம், அவர் என்ன செய்வார். பிள்ளை போனாலும் அவருக்குத் தடவிப் பார்க்க ஒரு கல்லாவது இருக்கிறது. எங்களுக்கு அதையும் கொடுக்க இந்த நாட்டில் ஆளில்லை.

திரும்பி வரும் பஸ் தெமோதரையைத் தாண்டியது. அக்கா என் பக்கம் திரும்பினாள்.

"ஒனக்குத்தான் சிங்களம் வாசிக்கத் தெரியுமே. அடுத்த வாட்டி, யாருமே வராத பேரா ஒன்னு பாத்துச் சொல்லுடி."