முளைக்காத கரி

ஊரெல்லாம் கரி ஒட்டக்கூடாதென்று பாத்திரத்தைத் தேய்க்கும். கரி ஒட்டாதா என்று அடுப்பையே பார்த்துக்கொண்டு நிற்கிற பிழைப்பு எங்களுடையது. ஆராய்ச்சியில் மாட்டிக்கொண்டவர்களுக்கு நான் மேற்கொண்டு சொல்லத் தேவையில்லை.

ஒரே ஒரு தடவை

இரண்டாயிரத்துச் சொச்சத்தில், கொல்கத்தாவில், மின்னணுக் கருவிகளுக்காகக் கார்பன் நானோகுழாய் வளர்ப்பது என் பிஎச்.டி. வேலை. சூடான உலைக்குள் நகத்தளவு சிலிக்கான் தகட்டை வைத்து வாயுவை விட்டால், கரி நுண்குழாய்களாக முளைக்க வேண்டும். நாலரை வருஷம் முளைக்கவில்லை. ஜூலை அடைமழையில் ஒருநாள் தகடு முழுக்க வெல்வெட் மாதிரி முளைத்துவிட்டது! பேராசிரியரிடம் ஓடினேன். ஆராய்ச்சியை முடிக்க எனக்குக் கொடுத்த கடைசிக் கால நீட்டிப்பு துர்கா பூஜை விடுமுறையோடு முடிகிறது. பட்டம் கையில் வந்த மாதிரிதான் என்று நினைத்தேன். மைக்ராஸ்கோப்பிலிருந்து தலையை எடுக்காமலே அவர் சொன்னார்: "ஒரு தடவை வந்தா அது விபத்து. பூஜைக்குள்ள இன்னொரு தடவை பண்ணிக் காட்டு."

மாடி வீட்டு மாமி

அதோடு போயிற்று என் நிம்மதி. சோறு இறங்கவில்லை, உட்கார முடியவில்லை. காளிகாட்டில் என் அறைக்கு மேல்மாடியில் குடியிருந்த கும்பகோணத்து மாமி, நான் வராந்தாவில் குறுக்கும் நெடுக்கும் நடப்பதைப் பார்த்து என்ன ஏதென்று விசாரித்தாள். எல்லாவற்றையும் கொட்டினேன். பொறுமையாகக் கேட்டுவிட்டுச் சொன்னாள்: "ஏண்டாப்பா, கரிக்கா அஞ்சு வருஷம்? எங்காத்துப் பால் பாத்திரத்தை அடுப்புல மறந்தா அஞ்சு நிமிஷத்துல வந்துடுமே!"

சுத்தமோ சுத்தம்

பிழை எங்கோ அழுக்கில்தான் இருக்கிறது என்று முடிவு கட்டினேன். ஆர்கான் வாயு வருகிற பழைய ரப்பர் டியூபைப் பிடுங்கி எறிந்து புது டியூப் மாட்டினேன். வாயு வரும் வழியில் ஈரத்தை உறிஞ்ச சிலிக்கா மணிகள் நிரப்பினேன். ஏசியை நிறுத்தவே விடவில்லை. ஆகஸ்ட் போயிற்று, செப்டம்பர் போயிற்று. தகடு வழுக்கைத் தலையாக வெளியே வந்தது. எரிச்சலில் உலையை ஒரு உதை விட்டேன், கால்தான் வீங்கியது. லேபில் சிலிண்டர்களைப் பார்த்துக்கொள்ளும் ஷ்யாமல் அண்ணன், பெங்காலி வழக்கில் ஷ்யாமல்தா, மண் குவளையில் டீயை உறிஞ்சியபடி, பெங்காலி கலந்த ஹிந்தியில் கேட்டார்: "அந்தப் பழைய டியூப் உனக்கு என்ன பாவம் பண்ணுச்சு?"

கடைசி நாள்

விடுமுறைக்கு முந்தைய நாள். வெளியே மழை, தெருவில் தாக் மேளம், எனக்குள் அதைவிடப் பெரிய மேளம். ஷ்யாமல்தா எதையும் குப்பையில் போட மனம் வராதவர். விரிசல் விட்ட அந்த டியூபை அலமாரிக்குப் பின்னாலிருந்து எடுத்து வந்தார். போகிற போக்கில் மாட்டித் தொலைத்தேன், மணிகளையும் கழற்றினேன். மதியம் உலையைத் திறந்தால், கறுகறுவென்று அதே வெல்வெட்! அழுதேவிட்டேன்.

பிறகுதான் புரிந்தது. மழைநாளில் விரிசல் வழியாகத் துளி ஈரம் உள்ளே கசிந்து, குழாயை முளைக்க வைக்கிற வினையூக்கியை மூடிவிடுகிற வேண்டாத கரியைத் தின்றிருக்கிறது. அந்த ஈரத்தைத்தான் மூன்று மாதம் நான் முழுமூச்சாகத் துரத்தியிருக்கிறேன். ஷ்யாமல்தா தோளைத் தட்டினார்: "அரே பாபா, கொல்கத்தா மழையை உள்ள விடாம கொல்கத்தாவுல என்ன முளைக்கும்?"

என் பெயருக்கு முன்னால் இன்று டாக்டர் என்று போட்டுக்கொள்கிறேன் என்றால், குப்பைக்குப் போகாமல் தப்பித்த ஒரு ஓட்டை டியூபின் தயவு அது.