முப்பதாயிரத்தை மூவாயிரத்துக்குக் கேட்டவர்கள்

முதல் நாள்

ராயபுரம் கல்மண்டபத்துக்குப் பக்கத்தில், ஒரு மருந்துக்கடையின் மாடியில் இருந்தது அந்த பிரவுசிங் சென்டர். நான் அங்கே வேலைக்குச் சேர்ந்தபோது எனக்கு இருபத்திரண்டு வயது. பிளஸ் டூ, டைப்ரைட்டிங் ஹையர், மூன்று மாத கம்ப்யூட்டர் கோர்ஸ். உலகத்தையே விலைக்கு வாங்கிவிடலாம் என்ற நம்பிக்கை.

ஓனர் தாமோதரன் சார் முதல் நாள் எனக்குச் சொல்லிக்கொடுத்த முதல் பாடம், ஆள் உட்கார்ந்த கேபினில் மட்டும் ஃபேன் போட வேண்டும் என்பது. மொத்தம் ஆறு கேபின்கள். ஐந்து கஸ்டமர்களுக்கு. ஆறாவது ஓனருக்கு. அதற்கு மட்டும் பச்சைத் திரைச்சீலை உண்டு. உள்ளே அவர் "பிசினஸ் டெவலப்மென்ட்" செய்வார். சில சமயம் குறட்டை கேட்கும்.

இரண்டாயிரங்களின் நடுவில் தெருவுக்கு மூன்று சென்டர்கள் முளைத்தன. மணிக்கு முப்பது ரூபாயாக இருந்த கட்டணம் பத்துக்கு வந்தது. அப்போதுதான் ஓனருக்கு அந்த யோசனை பிறந்தது. மக்கள் வீட்டில் கிடக்கும் பொருளை நாங்கள் போட்டோ எடுத்து இணையத்தில் விளம்பரம் போடுவோம். விற்றால் பத்து சதவீதம் கமிஷன். மாடிப்படியில் "உங்கள் பழைய பொருள் இனி உலகச் சந்தையில்" என்று போர்டு எழுதி வைத்தார். உலகச் சந்தைக்குப் பொறுப்பாளர் நான். சம்பளம் அதே பழைய சம்பளம்.

லாஸ்ட் பிரைஸ்

முதல் விளம்பரம் ஒரு வாஷிங் மெஷின். விலை நாலாயிரம். இருபது நிமிடத்தில் முதல் மெயில் வந்தது. வணக்கம் இல்லை, பெயர் இல்லை. "லாஸ்ட் பிரைஸ்?" என்ற இரண்டே வார்த்தை. இன்னும் முதல் விலையையே யாரும் பேசவில்லை, அதற்குள் கடைசி விலைக்கு வந்துவிட்டார்.

இரண்டாவது ஆள் மாதவரத்திலிருந்து போன் செய்தார். தானே லாரி கொண்டுவந்து எடுத்துக்கொள்வாராம். டீசல், டிரைவர் பேட்டா, லோடுமேன் கூலி எல்லாவற்றையும் விலையில் கழித்துக்கொள்ள வேண்டுமாம். கழித்துப் பார்த்தேன். மெஷினையும் கொடுத்து, மேலே அறுபது ரூபாயும் நாங்கள் தர வேண்டியிருந்தது. மூன்றாவது ஆள் பாதி பணம் தருவதாகவும், மீதிக்கு ஒரு பழைய செல்போன் தருவதாகவும், அதில் பாம்பு கேம் அருமையாக ஓடும் என்றும் எழுதினார். நாலாவதாக ஒரு பெரியவர், நேர்மையைப் பற்றியும் இறைவனைப் பற்றியும் நான்கு பத்தி எழுதிவிட்டு, ஐந்தாவது பத்தியில் எழுநூறு ரூபாய்க்குக் கேட்டார்.

நான் கோபத்தில் பதில் அடிக்க ஆரம்பித்தேன். ஓனர் தடுத்தார்.

"இன்னாம்மா ஜெசி, கஸ்டமர்கிட்ட மூஞ்சக் காட்டினு கீற? கொறச்சுக் கேக்கறவன்தாம்மா நாளைக்கு வாங்கப் போறவன். நன்றி, பார்த்துச் சொல்றோம்னு அடி. அவ்ளோதான்."

நல்ல பாடம். இன்றும் அதைத்தான் செய்கிறேன். அதைச் சொல்லிக்கொடுத்தவர் யார் என்பதை நினைத்தால்தான் சிரிப்பு வருகிறது.

பிலோமினா அக்காவின் பெட்டி

பிலோமினா அக்கா காசிமேட்டில் மீன் எடுத்துக் கூடையில் வைத்து வீடு வீடாக விற்பவர். எங்கள் தெருவில் அவரிடம் மீன் வாங்காத வீடு கிடையாது. ஒருநாள் மதியம் மூச்சு வாங்க மாடியேறி வந்து, துணியில் சுற்றிய மரப்பெட்டி ஒன்றை என் மேஜையில் வைத்தார்.

"இத்த உன் கம்பூட்டர்ல போட்டு வித்துக் குடு கண்ணு. எங்க வூட்டுக்காரு கப்பல்ல சாரங்கா, டெக்கு ஆளுங்களுக்கு மேஸ்திரியா இருந்தாரு இல்ல? வேலைய வுட்டு வரும்போது வெள்ளைக்கார கேப்டன் குடுத்தது. அவரு போயி மூணு வருசம் ஆச்சு. எனக்கு முட்டி போச்சு. கூடையத் தூக்கிகினு இனிமே படி ஏற முடியாது. மோட்டார் வச்ச மூணு சக்கர மீன்பாடி வண்டி ஒண்ணு வாங்கிட்டன்னா, நானே ஓட்டிகினு போயிடுவேன்."

பெட்டிக்குள் ஒரு செக்ஸ்டன்ட் இருந்தது. நடுக்கடலில் சூரியனையும் நட்சத்திரத்தையும் பார்த்துக் கப்பல் எங்கே இருக்கிறது என்று கணக்கிடும் பித்தளைக் கருவி. வளைவில் நூல் மாதிரி கோடுகள், சின்னச் சின்ன வண்ணக் கண்ணாடிகள், செய்தவரின் பெயர், ஊர். அதே பெயரில் வெளிநாட்டு ஏலத் தளம் ஒன்றில் தேடினேன். நம் பணத்தில் நாற்பதாயிரத்துக்குப் போயிருந்தது. அக்கா முப்பது போதும் என்றார். ஓனர் பெட்டியைத் திறந்து, மூடியின் உள்பக்கத்தில் ஒரு ரூபாய் அளவு கறுத்திருந்த இடத்தைத் தடவிப் பார்த்தார்.

"அது மெழுகுவத்தி சுட்டது" என்றார் அக்கா.

கருவியையும் மூடிய பெட்டியையும் மட்டும் போட்டோ எடுத்தோம். பத்திரமாக இருக்கட்டும் என்று ஓனர் அதைத் தன் இரும்பு பீரோவில் வைத்துப் பூட்டினார்.

ஆங்கிலத்தில் செக்ஸ்டன்ட் என்ற பெயரின் முதல் மூன்று எழுத்தைப் பார்த்து எங்கள் சென்டரின் ஃபில்டர் சாஃப்ட்வேரே விளம்பரத்தைத் தடுத்தது. பாஸ்வேர்டு போட்டு ஏற்றினேன். ஒரே நாளில் நானூறு பேர் பார்த்தார்கள். கடல் பயணத்தில் இத்தனை பேருக்கு ஆர்வமா என்று ஓனர் வியந்தார். நான் கீபோர்டைத் துடைத்தேன்.

கிலோ என்ன விலை?

மூன்றாம் நாள் சாத்தாங்காடு இரும்பு மார்க்கெட்டிலிருந்து ஒருவர் போன் செய்தார்.

"எத்தினி கிலோ வரும்?"

"ரெண்டு கிலோ இருக்கும் சார். ஆனா இது செக்ஸ்டன்ட்."

"அது இன்னாவா வேணா இருந்துட்டுப் போவட்டும். பித்தளதானே? கிலோ ரேட்டு குடுத்துர்றேன். பொட்டி எனக்கு வேணாம், நீயே வச்சுக்கோ."

அவராவது நேர்மையானவர். அடுத்து வந்த மூன்று மெயில்கள்தான் அக்காவைச் சாய்த்தன. முதலாவது, கேப்டன் என்று தன்னை அழைத்துக்கொண்ட ஒருவருடையது. "முப்பது வருடம் கடலில் இருந்தவன் சொல்கிறேன், இது வடக்கே செய்யப்படும் டூப்ளிகேட். ஆயிரத்து ஐநூறு தரலாம்." இரண்டு நாள் கழித்து ஒரு டாக்டர்: "பழம்பொருள் சேகரிப்பவன் நான். இது நகல். இரண்டாயிரம்." அடுத்த வாரம் மும்பையிலிருந்து அனில் மெஹ்ரா: "நகல்தான் என்றாலும், விற்பவர்மேல் இரங்கி மூவாயிரம் தருகிறேன். மூடியின் உள்ளே தீக்காயம் இருப்பதால் இதற்கு மேல் முடியாது."

நான் மூன்றையும் அக்காவிடம் தமிழில் படித்துக் காட்டினேன். அவர் கூடையை இறக்காமலே கேட்டுவிட்டுச் சொன்னார்.

"ஒருத்தன் சொன்னா டுபாக்கூருன்னு வுட்டுர்லாம். முன்னப்பின்ன தெரியாத மூணு பேரு ஒரே மாதிரி சொல்றான்னா நெசமாத்தான் இருக்கும். அந்த வெள்ளைக்கார கேப்டனே எங்க ஆள ஏமாத்திட்டான் போலக்கீது. பதினெட்டு வருசம் அத்தத் தொடச்சுத் தொடச்சு வச்சாரே கண்ணு."

பணம் போனதைவிட அதுதான் அவருக்கு வலித்தது. மூவாயிரத்துக்கே கொடுத்துவிடு என்று சொல்லிவிட்டு, ஒவ்வொரு படியாக இறங்கிப் போனார்.

ஆறாவது கேபின்

சம்மதம் என்று பதில் எழுத உட்கார்ந்தேன். அனில் மெஹ்ராவின் மெயிலை இன்னொரு தடவை படித்தபோதுதான் கை நின்றது. மூடியின் உள்ளே தீக்காயம் இருப்பது மும்பைக்காரருக்கு எப்படித் தெரியும்? விளம்பரத்தில் நான் அதை எழுதவில்லை. போட்டோவில் மூடியே திறக்கவில்லை. அந்தக் கறுத்த இடத்தைப் பார்த்தவர்கள் மூன்று பேர்தான். அக்கா, நான், ஓனர்.

எங்கள் பில்லிங் சாஃப்ட்வேரில் எந்த கேபின் எப்போது ஓடியது என்று பார்க்கலாம். மூன்று மெயில்களும் வந்த நேரத்தை எடுத்து வைத்துப் பார்த்தேன். மூன்று தடவையும் ஆறாவது கேபின் ஓடியிருந்தது.

அத்தோடு விட்டிருக்கலாம். சந்தேகத்தில் மெயிலின் டிராஷ் பெட்டியையும் திறந்தேன். அங்கே ஒரு மெயில் கிடந்தது. கொச்சியிலிருந்து ஒரு ஓய்வுபெற்ற கப்பல் கேப்டன், நிஜமான கேப்டன், விளம்பரம் போட்ட இரண்டாம் நாளே எழுதியிருந்தார். முப்பதாயிரத்துக்குச் சம்மதம், நேரில் பார்த்து வாங்கிக்கொள்கிறேன் என்று. அதற்கு எங்கள் ஓனர் பதிலும் போட்டிருந்தார்: "பொருள் ஒரு மாதத்தில் தயாராகும்."

பிசினஸ் டெவலப்மென்ட் என்றால் என்ன என்று அன்றைக்குத்தான் எனக்குப் புரிந்தது.

கேட்டால் வேலை போகும். கேட்காவிட்டால் அக்காவின் முகத்தைப் பார்க்க முடியாது. கேட்டாலும் அவர் மறுத்துவிட்டால் என் வார்த்தைக்கு என்ன மதிப்பு? பெட்டி அவர் பீரோவில், சாவி அவர் இடுப்பில். அவர் கையாலேயே அது வெளியே வர வேண்டும்.

கடைசியில் ஓனர் சொல்லிக்கொடுத்த மரியாதையோடே மூன்று பேருக்கும் ஒரே பதிலை அனுப்பினேன். "தங்கள் அக்கறைக்கு நன்றி. மூவாயிரத்துக்குச் சம்மதம். ஆனால் மூவரும் விரும்புவதால், சனிக்கிழமை மாலை ஐந்து மணிக்கு நேரில் வரும் முதல் நபருக்கே பொருள். வராதவர்களின் விலை செல்லாது."

பத்து நிமிடத்தில் ஆறாவது கேபினில் யாரோ இருமினார்கள். அக்காவிடம் மட்டும், "சனிக்கிழமை அஞ்சு மணிக்கு வாங்க. அதுவரைக்கும் எதையும் கேக்காதீங்க" என்றேன்.

சனிக்கிழமை

ஓனர் அன்று மதியத்திலிருந்தே ரொம்ப உற்சாகம். தானே பெட்டியை எடுத்து, துடைத்து, மேஜையில் வைத்தார். "பார்ட்டி வந்தா ஃப்ளைட்டுக்கு லேட்டாவும்மா, சீக்கிரம் முடிச்சுடு" என்றார்.

கேப்டனும் டாக்டரும் வரவில்லை. ஐந்து அடிக்க ஐந்து நிமிடம் இருக்கும்போது அனில் மெஹ்ரா வந்தார். கஞ்சி போட்ட சட்டை, கறுப்புக் கண்ணாடி, கையில் சூட்கேஸ்.

"நமஸ்தே. ஹம் பம்பாய்லேர்ந்து வர்ரான்" என்றார்.

பிலோமினா அக்கா ஸ்டூலில் உட்கார்ந்திருந்தவர் மெதுவாக எழுந்தார். அவரைச் சுற்றி ஒரு தடவை நடந்தார்.

"ஏய், கண்ணாடியக் கழட்டு. நீ தாமு மச்சான் சுகுமாரு இல்ல? திருவொத்தியூர்ல கீறவன்? ஞாயித்துக்கெழம ஞாயித்துக்கெழம என்னாண்ட வஞ்சரத்தப் பாதி வெலைக்குக் கேட்டுகினு நிப்பியே, நீ எப்படா பம்பாய் போன?"

"இல்லக்கா... நான் அனில்..."

"அணிலா? முதுவுல கோடு எங்க?"

சுகுமார் கண்ணாடியைக் கழற்றிவிட்டார். "மாமாதான் போச் சொன்னாருக்கா. பொட்டிய வாங்கிகினு வந்தா ஐந்நூறு தர்றேன்னாரு. எனக்கு வேற ஒண்ணும் தெரியாது."

ஐந்து கேபினிலிருந்தும் தலைகள் நீண்டன. ஓனர் திரைச்சீலையைப் பிடித்தபடி நின்றார். பிறகு சிரித்தார். அந்தச் சிரிப்பை நான் பாராட்டத்தான் வேண்டும்.

"தப்பா நெனைக்காத பிலோமினா. இதுக்குப் பேரு மார்க்கெட்டிங். நாலு பேரு கேட்டாத்தான் பொருளுக்கு மவுசு. மார்க்கெட்ட சூடாக்கினு இருந்தேன்."

"முப்பதுல ஆரம்பிச்சது மூணுக்கு வந்துக்கீதே தாமு. இன்னா, ஐஸ் போட்டு சூடாக்கினியா?"

அக்கா பெட்டியைத் தூக்கித் தன் மீன்கூடைக்குள் வைத்தார். நானும் சொல்லிவிட்டேன். "அக்கா, அது டூப்ளிகேட் இல்ல. கொச்சியில ஒரு கேப்டன் முப்பதுக்கே வாங்கிக்கிறேன்னு எழுதியிருக்காரு. இவரு அத மறைச்சுட்டாரு."

அக்கா ஓனரைத் திட்டவில்லை. "அப்ப எங்க ஆள அந்த வெள்ளைக்கார கேப்டன் ஏமாத்தல" என்று மட்டும் சொன்னார். கண்ணைத் துடைத்துக்கொண்டு கூடையைத் தூக்கினார்.

எனக்கு "நாளைலேர்ந்து வராத" என்று ஒரு வரி கிடைத்தது. அதில் பேரம் பேச இடமில்லை.

அதற்குப் பிறகு

தண்டையார்பேட்டையில் வேறொரு சென்டருக்குப் போய், மணிக்குப் பத்து ரூபாய் கட்டி, கொச்சிக்கு எழுதினேன். அந்தக் கேப்டன் ரயிலேறி வந்தார். அக்கா வீட்டு வாசலில் நின்று, செக்ஸ்டன்டைக் கண்ணில் வைத்து வெளிச்சத்தில் அரை மணி நேரம் பார்த்தார். முகமெல்லாம் சிரிப்பு. பிறகு மூடியைத் திறந்தார். "இங்கே சுட்டிருக்கிறதே. இருபத்தைந்து வைத்துக்கொள்ளலாமா?" என்றார்.

நல்லவர்களும் கேட்கிறார்களே!

அக்கா சண்டை போடவில்லை. "முப்பதுதான் சார்" என்று சொல்லிவிட்டு டீ போட உள்ளே போனார். டீ வருவதற்குள் பணம் பெட்டியின் மேல் இருந்தது. அக்கா ஒரு கிலோ நெத்திலிக் கருவாடு கட்டிக் கொடுத்தார். கமிஷனாக மூவாயிரத்தை என் கையில் திணித்தார். அதை வைத்துத்தான் நான் சொந்தமாக இந்தத் தொழிலைத் தொடங்கினேன்.

இப்போது என்னிடம் வேலைக்குச் சேருபவர்களுக்கு நான் சொல்வது இவ்வளவுதான். ஒருவர் குறைத்துக் கேட்டால் அது அவருடைய ஆசை. கோபப்படாதீர்கள், உங்கள் விலையைச் சொல்லிவிட்டு டீ போடப் போங்கள். ஆனால் முன்பின் தெரியாத மூன்று பேர் ஒரே குரலில் உங்கள் பொருள் குப்பை என்று சொன்னால், அவர்கள் எந்த கேபினில் உட்கார்ந்திருக்கிறார்கள் என்று பாருங்கள்.

அடுத்த வாரம் அக்காவோடு திருவொற்றியூர் தேரடிக்கு வண்டி பார்க்கப் போனேன். மோட்டார் வைத்த மீன்பாடி வண்டி, நல்ல நிலையில் இருந்தது. விற்பவர் பாவம், பதினெட்டாயிரம் என்றார். அக்கா வண்டியை ஒரு சுற்றுச் சுற்றி வந்து, டயரைக் காலால் தட்டினார்.

"வண்டி கலீஜா கீது. ஆறு தர்றேன்."

நான் அவர் கையைப் பிடித்து இழுத்தேன். "அக்கா, நம்மளே இப்படிக் கேக்கலாமா?"

"அன்னிக்கு விக்க வந்தோம். இன்னிக்கு வாங்க வந்துக்கிறோம். சும்மா இரு."

பதினோராயிரத்துக்கு முடிந்தது. அக்காதான் ஓட்டினார். பிரேக் எங்கே இருக்கிறது என்பதைக் காலடிப்பேட்டை தாண்டிய பிறகுதான் கண்டுபிடித்தார். முன்பலகையைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டு வந்த நான், வழியெல்லாம் அந்த வண்டிக்காரருக்காகக் கொஞ்சம் வருத்தப்பட்டேன். அக்கா படவில்லை.