பயந்தாங்கொள்ளி கட்டர் பிடித்த கதை

கை வியர்க்கிறவனுக்குப் பட்டு நெசவு லாயக்கில்லை. எனக்கு வியர்க்கும். ஏதோ லேசாக இல்லை, தண்ணீர்ச் செம்பைத் தூக்கினால் நழுவி விழுகிற அளவுக்கு வியர்க்கும். வெளிர் நிறப் புடவை தறியில் ஏறிவிட்டால் என் மனைவி என்னை அந்தப் பக்கமே வரவிடமாட்டாள். எங்கள் வீட்டில் இருந்தது ஒரே தறி. கல்யாணமான புதிதில் நான் நெய்தேன், அவள் உதவினாள். இரண்டு வருஷத்தில் அவள் நெய்தாள், நான் உதவினேன். அதற்கடுத்த வருஷம் உதவிக்கும் நான் வேண்டாம் என்று ஆகிவிட்டது. அவள் கை அப்படி. பொறாமை இல்லாமலா சொல்கிறேன் என்றால், இல்லை, பொறாமையோடுதான் சொல்கிறேன்.

இப்படியாக இருபத்தொன்பது வயதில் சொந்த வீட்டிலேயே வேலையில்லாதவன் ஆனேன். எண்பதுகளின் தொடக்கம் அது. அந்த நேரம் பார்த்துத்தான் என் மச்சான், அதாவது என் மனைவியின் தம்பி, ராணிப்பேட்டைப் பக்கம் ஒரு தொழிற்சாலையில் மேஸ்திரியோடு சண்டை போட்டுக்கொண்டு ஆரணிக்கே வந்து சேர்ந்தான். அங்கே அவனுக்கு இரும்பு வெட்டுகிற வேலை. எங்கள் வீட்டுத் தோட்டத்தில் தகரக் கொட்டகை போட்டான். கேட்டு, கிரில், அரிசி மில் ரிப்பேர் எல்லாம் செய்யப்போவதாகச் சொன்னான். கூட ஒரு ஆள் வேண்டும் என்றான். வீட்டில் எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். நான் கூரையைப் பார்த்தேன்.

மச்சான் என்னைவிட நான்கு வயது சின்னவன். அவன் எனக்குக் கற்றுக்கொடுக்க வேண்டும், நான் கற்றுக்கொள்ள வேண்டும். அந்த வெட்கத்தைக்கூடத் தாங்கிக்கொண்டேன். தாங்க முடியாதது பயம்.

முதலில் அவன் வைத்திருந்தது கார்பைடு கல். ஒரு இரும்பு டாங்கியில் கல்லைப் போட்டுத் தண்ணீர் விட்டால் குமுகுமுவென்று வாயு கிளம்பும். பூண்டு நாற்றம் அடிக்கும். இந்த டாங்கி வெடித்து எங்கோ ஒரு பட்டறையின் கூரை பிய்த்துக்கொண்டு போன கதையை மச்சான் முதல் நாளே சிரித்துக்கொண்டு சொன்னான். அவனுக்கு அது கதை. எனக்கு மூன்று நாள் சோறு இறங்கவில்லை. அந்தக் கதையிலிருந்து நான் ஒன்றை மட்டும் கெட்டியாகப் பிடித்துக்கொண்டேன்: கசிந்த வாயு மேலே போகும், மேலே வழி இருந்தால் ஆபத்தில்லை. அன்றே ஏணி போட்டு ஏறிக் கொட்டகையின் உச்சியில் ஒரு தகரத்தைத் தூக்கி வைத்தேன். பயந்தவனுக்கு வேலை செய்யப் பிடிக்காது என்று யார் சொன்னது? பயம் என்றால் நான் ஏணி மேலும் ஏறுவேன்.

சில மாதங்களில் மச்சான் கார்பைடை விட்டுவிட்டு சிலிண்டருக்கு மாறினான். உயரமான கறுப்புச் சிலிண்டரில் ஆக்சிஜன். குட்டைச் சிலிண்டரில் புரொப்பேன். அடுப்பெரிக்கிற கேஸுக்கு அண்ணன் தம்பிதான், பயப்பட ஒன்றுமில்லை என்று எனக்குத் தைரியம் சொன்னான். இரண்டிலிருந்தும் ஆளுக்கொரு குழாய் வந்து, இரும்பை வெட்டுகிற கட்டரில் சேரும். கேஸைக் கொஞ்சம் திறந்து பற்றவைத்தால் மஞ்சளாகப் புகையோடு ஒரு சுவாலை ஆடும். ஆக்சிஜனைத் திறக்கத் திறக்க அது நீலமாகிச் சீறும். அந்தச் சீற்றத்தைக் கையில் பிடித்துக்கொண்டு உட்கார வேண்டும். குத்துக்காலிட்டு, நனைத்த சாக்கைப் பாதத்தின் மேல் போட்டுக்கொண்டு, கறுப்புக் கண்ணாடிக்குள் கண்ணைச் சுருக்கிக்கொண்டு.

இரும்பின் ஓரத்தைச் சுட வேண்டும். கார்பைடு வாயுவைவிட இதற்கு நேரம் பிடிக்கும். அந்த நேரம்தான் என்னைக் கொன்றது. ஓரம் சிவந்து, சிவப்பு போய் மஞ்சள் தட்டும்போது கட்டரின் பிடியை அழுத்த வேண்டும். ஆக்சிஜன் பாய்ந்து இரும்பே எரிந்து உருகி அடிப்பக்கமாகக் கொட்டும். நான் எப்போதும் முந்திக்கொண்டு அழுத்திவிடுவேன். இரும்பு வெட்டுப்படாது, பொறி அத்தனையும் திரும்பி என் மூஞ்சிக்கே வரும். பயந்து மெதுவாக நகர்த்தினால் வெட்டிய இடம் மறுபடி உருகி ஒட்டிக்கொள்ளும். நுனி இரும்பில் பட்டால் 'பட்'டென்று ஒரு சத்தம். முதல் தடவை அந்தச் சத்தம் கேட்டபோது கட்டரை அப்படியே கீழே போட்டுவிட்டுக் கிணற்றடி வரை போய்விட்டேன். மச்சான் ஓடிவந்து வால்வை மூடினான். "அது கொட்டாவி வுடுது மாமா, அவ்ளோதான்" என்றான். திட்டியிருந்தால் தேவலை.

என் பயத்துக்கு நானே ஒரு காரணம் தயாரித்து வைத்திருந்தேன். கொட்டகைக்கும் வீட்டுக்கும் நடுவே ஒரே சுவர். சுவருக்கு அந்தப் பக்கம் தறி அறை. தறிக்கு அடியில் தொடையளவு ஆழத்துக்குக் குழி. அவள் விளிம்பில் உட்கார்ந்து குழிக்குள் காலைத் தொங்கவிட்டு மிதியை மிதித்து நெய்வாள். முன்னால் புடவை சுற்றுகிற மரம், பின்னால் சுவர். ஆபத்து என்றால் சட்டென்று எழுந்து ஓட முடியாது. "என்னப் பத்தி எனக்கு பயமில்ல. அவ குழியில உக்காந்துகினு கீறா பாரு, அதான்" என்று மச்சானிடம் சொன்னேன். டீக்கடையில் சொன்னேன். சேவூரிலிருந்து இரும்புக் கேட்டு செய்யச் சொல்லி வந்தவரிடமும் சொன்னேன். அவளிடமே எத்தனையோ தடவை சொன்னேன். அவள் ஊடைநூல் நாடாவைத் தள்ளியபடி, சரிங்க, எனக்காகத்தான் பயப்படுகிறீர்கள், நாளைக்கு வேண்டுமானால் நான் கட்டர் பிடிக்கிறேன், நீங்கள் இங்கே வந்து உட்காருங்கள் என்பாள். எனக்குக் கோபம் வரும். பெண்டாட்டிக்காகப் பயப்படுவதைக்கூடக் கிண்டல் செய்வதா?

நான் அதை நம்பினேன். அதைத்தான் சொல்ல வருகிறேன். வேஷமில்லை, மனசார நம்பினேன்.

ஐப்பசி மழை பிடித்துக்கொண்டது. நான்கு நாள் விடவில்லை. மச்சான் காலி ஆக்சிஜன் சிலிண்டரை எடுத்துக்கொண்டு வேலூர் போனான். கொட்டகை ஒழுகியதால், புரொப்பேன் சிலிண்டரைக் குழாயோடு வீட்டுக்குள் கொண்டுபோய் வைக்கச் சொல்லிவிட்டுப் போனான். எங்கே வைப்பது? யோசித்தேன். மெய்யாகவே உட்கார்ந்து யோசித்தேன். வீட்டிலேயே தறி அறைக்குத்தான் சுவர் உச்சியில் காற்றுப்போக்கி இருந்தது. கசிந்தால் மேலே போய்விடும். சாயங்காலம் சிலிண்டரை உருட்டிக்கொண்டு போய்த் தறிக்குழிக்குப் பக்கத்து மூலையில் நிறுத்தினேன். பயந்து பயந்து தேடிக் கண்டுபிடித்த இடம். போகும்போது கட்டரில் உள்ள வால்வுகளை இரண்டு தடவை திருகிப் பார்த்தேன். சிலிண்டரின் தலையில் இருக்கிற வால்வை மூடவில்லை. கார்பைடுக்கு அப்படி ஒரு வால்வு கிடையாது, என் கைக்கு அந்தப் பழக்கமே வரவில்லை.

மழைக்காலத்தில் எங்கள் தெருவில் ஒரு வழக்கம் உண்டு. குழிச்சுவர் ஈரம் கசியும், தறியில் ஏற்றிய பாவு நூல் நமுத்துத் தொய்யும். அதனால் காலையில் கும்முட்டி அடுப்பில் கரி மூட்டி, கனலானதும் குழிக்குள் இறக்கி வைப்பார்கள். அரை மணி நேரத்தில் ஈரம் வாங்கிவிடும். அதை எடுத்துவிட்டுத்தான் தறியில் உட்காருவார்கள். அவளும் தினம் அப்படித்தான் செய்துகொண்டிருந்தாள்.

மறுநாள் காலை சமையல்கட்டிலிருந்து கூப்பிட்டாள். குழியில் எலி செத்துக் கிடக்கிறது போல, நாற்றம் குடலைப் பிடுங்குகிறது, நெருப்பு வைப்பதற்கு முன்னால் எடுத்துப் போடுங்கள் என்றாள். மழைக்கு எலி குழியில் வந்து சாவது புதிதில்லை. லுங்கியை மடித்துக் கட்டிக்கொண்டு, முறத்தோடு குழிக்குள் இறங்கிக் குனிந்தேன். அழுகிய நாற்றம். மிதிக்கட்டைக்கு அடியில் கையை விட்டுத் துழாவினேன். எலி இல்லை. தலை லேசாகச் சுற்றியது. அப்போதுதான் காதுக்குப் பக்கத்தில் ஒரு சத்தம் கேட்டது. ஊதுவத்தி நுனியில் எச்சில் பட்டது மாதிரி, அவ்வளவு சின்னதாக, ஸ்ஸ் என்று. குழி விளிம்பில் நான் சுருட்டி வைத்த கேஸ் குழாயின் மூட்டிலிருந்து வந்தது.

பூண்டு நாற்றம் இல்லை, அதனால் கேஸ் இல்லை என்றுதான் மனசு முதலில் சொன்னது. அடுத்த நொடியே மச்சான் என்றைக்கோ சொன்னது நினைவுக்கு வந்தது: இந்தக் கேஸ் கசிந்தால் பூண்டு நாறாது மாமா, அழுகல் நாறும். அது மேலே போகவில்லை. ராத்திரி முழுக்கக் குழிக்குள் இறங்கி நிறைந்திருக்கிறது. நான் அதற்குள் நின்றுகொண்டிருக்கிறேன்.

நிமிர்ந்தேன். சமையல்கட்டு வாசலில் அவள் நின்றிருந்தாள். இடுக்கியால் பிடித்துக் கும்முட்டியைத் தூக்கியபடி. கரி செக்கச்செவேலென்று கனன்றுகொண்டிருந்தது. என்னிடமிருந்து ஆறு அடி.

"கெடச்சுதா?" என்றாள்.

வாயைத் திறந்தேன். சத்தம் வரவில்லை. அதற்குப் பிறகு எனக்கு நினைவிருப்பது மழை. தலையில் மழை பெய்கிறது, காலடியில் சேறு, எதிர்வீட்டுச் சுவர். எப்படிக் குழியிலிருந்து ஏறினேன், எப்படி நடையைத் தாண்டினேன் என்று இன்றைக்கும் தெரியாது. தெருவில் நிற்கிறேன். அங்கிருந்துதான் எனக்குக் குரலே வந்தது.

"நெருப்ப வெளிய கொண்டு போ! உள்ள வராத!"

எத்தனை தடவை கத்தினேன் என்று தெரியவில்லை. அக்கம்பக்கம் கதவுகள் திறந்தன. உள்ளே ஒன்றும் கேட்கவில்லை. அந்த நேரத்தில் நான் அவள் பெயரை நினைக்கவில்லை, சாமியை நினைக்கவில்லை. சுவர் வெடித்தால் கல் எதுவரைக்கும் வரும் என்று நினைத்தேன். இரண்டு அடி பின்னால்கூட நகர்ந்தேன்.

பக்கத்துச் சந்து வழியாக அவள் வந்தாள். முழுக்க நனைந்திருந்தாள். கும்முட்டியைக் கீழே போடாமல், ஒரு பொறி சிந்தாமல், அப்படியே திரும்பி நடந்து தோட்டத்தில் மழைக்கு நடுவே வைத்துவிட்டு வந்திருக்கிறாள். அணைந்துவிட்டதா என்று கேட்டேன். அணைந்துவிட்டது என்றாள்.

அப்புறம்தான் எனக்கு வீரம் வந்தது. மூச்சைப் பிடித்துக்கொண்டு உள்ளே ஓடிச் சிலிண்டரின் வால்வை மூடினேன், தோட்டத்துக் கதவை அகலத் திறந்து வைத்தேன், வெளியே வந்து விழுந்து இருமினேன். இதைத் தெருவே பார்த்தது. மத்தியானம் மச்சான் வந்தபோது அவனுக்குச் சொன்னதும் தெருதான்: உன் மாமா இல்லையென்றால் இந்நேரம் வரிசையாக நான்கு வீடு போயிருக்கும். மச்சானுக்கு முகம் வெளுத்துவிட்டது. "தண்ணி மாதிரி அது மாமா, பள்ளத்த பாத்துதான் எறங்கும். நான் சொல்லாம வுட்டது என் தப்பு" என்று என் கையைப் பிடித்துக்கொண்டான். ஆளுக்கொரு பாயை வைத்துச் சாயங்காலம்வரை குழிக்குள் விசிறினோம். வருகிறவர்களிடமெல்லாம் நான் நடந்ததைச் சொன்னேன். எலி தேடியதைச் சொன்னேன், ஸ்ஸ் சத்தத்தைச் சொன்னேன், வால்வை மூடியதைச் சொன்னேன். நடுவில் ஒரு இடத்தை வேகமாகத் தாண்டிப் போனேன். யாரும் கவனிக்கவில்லை. அவள் வந்தவர்களுக்கு டீ போட்டுக் கொடுத்துக்கொண்டிருந்தாள்.

சாப்பிடும்போது, உனக்காகத்தான் உயிரே போய்விட்டது என்று அவளிடம் சொன்னேன். "ம்" என்றாள். ரசம் ஊற்றினாள்.

அதற்குப் பிறகு பதினெட்டு வருஷம் கட்டர் பிடித்திருக்கிறேன். அரிசி மில் பாய்லர் தகட்டை நூல் பிடித்த மாதிரி வெட்டியிருக்கிறேன். கை வியர்ப்பது நிற்கவில்லை. நல்ல வேலைக்காரன் என்று பேர்கூட வாங்கினேன். என்னிடம் வேலை பழக வந்தவர்களிடம் கேஸ் கீழே இறங்கும் என்பதை முதல் பாடமாகச் சொல்வேன். ஆனால் என் மனைவிக்காகத்தான் பயப்படுகிறேன் என்று அதற்குப் பிறகு ஒருவரிடமும் சொன்னதில்லை. சொல்ல விடாமல் செய்தது அந்தக் கசிவுக்கு மறுநாள் காலை.

அன்று மழை விட்டிருந்தது. மச்சான் குழிக்குள் மூக்கை விட்டுப் பார்த்து, ஒன்றுமில்லை, சுத்தமாகப் போய்விட்டது என்று சொல்லிவிட்டுக் கொட்டகைக்குப் போனான். ஆனாலும் நெருப்பு இறக்குவதற்கு முன்னால் யாராவது ஒருவர் உள்ளே இறங்கி, அடிவரை முகர்ந்து பார்த்துவிடுவது நல்லது. நான் லுங்கியை மடித்துக் கட்டினேன். அவள் என் தோளில் கை வைத்து நிறுத்தினாள்.

"நீங்க தெருவுல போய் நில்லுங்க. நான் எறங்கிப் பாக்கறேன்."

அவள் கிண்டல் எனக்குத் தெரியும். கிண்டலென்றால் உதட்டின் ஒரு ஓரம் மேலே போகும். அன்று போகவில்லை. காய்ச்சல்காரனிடம் ஈரத்தில் நிற்காதே என்று சொல்கிற மாதிரி, அவ்வளவு பதமாகச் சொன்னாள். சொல்லிவிட்டு, நான் போவதற்காகக் காத்திருந்தாள். மாட்டேன், நீ நகரு என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். குழியைப் பார்த்தேன். அவளைப் பார்த்தேன்.

வாசற்படியைத் தாண்டிப் போய்த் தெருவில் நின்றேன்.