தோப்பூர் ஓடையும் என் வயிற்றெரிச்சலும்

கடந்த சனிக்கிழமை நான் தோப்பூருக்குப் போனது இயற்கையை ரசிக்க அல்ல. ரிஸ்வானின் தும்பிப் படங்கள் பொய்யாக இருக்க வேண்டும் என்ற ஆசையில் போனேன். ஓர்ஸ் ஹில் அலுவலகத்தில் அவர் எனக்கு அடுத்த மேசைக்காரர். லிங்கநகரில் என் வீட்டுக்குப் பின்னால் ஓடும் வாய்க்காலில் மூன்று வருடமாகக் கெமராவோடு தவம் கிடக்கிறேன். ஒரு தும்பிக் குஞ்சுகூட அகப்படவில்லை. அவர் தன் ஊர் ஓடையில் எடுத்து, இரண்டே மாதத்தில் இணையத்தில் நாற்பது படம் போட்டுவிட்டார். இது நியாயமா?

காலை 6.40 பஸ், டிக்கெட் 190 ரூபா. கிண்ணியா, மூதூர் வழியாக ஒன்றரை மணித்தியாலம். கிண்ணியாப் பாலத்தில் எல்லோரும் கடலைப் பார்க்க, நான் கைபேசியில் அவருடைய படங்களைப் பெரிதாக்கிக் குறை தேடினேன். தோப்பூர்ச் சந்தையில் ரிஸ்வான் மோட்டார் சைக்கிளோடு நின்றார். வயல் வழியாக மூன்று கிலோமீட்டர், பிறகு பத்து நிமிட நடை.

ஓடை முழங்கால் ஆழம்கூட இல்லை. ஓரிடத்தில் கரைக்குக் கரை மறித்தபடி இடுப்புயரப் பாறை, அதன்மேலால் தண்ணீர் வழிகிறது. அதற்குக் கீழ்ப்பக்கத்தில் சின்ன மீன்கள். அவற்றால் பாறை ஏறி மேலே வர முடியாது. கீழ்ப்பக்கத்துக் கற்கள் பாசி பிடித்து வழுக்கின. ஒன்றைப் புரட்டினேன். இறக்கை முளைத்தபின் ஒரே நாள் வாழும் ஒருநாள் பூச்சியின் குஞ்சுகள் மீனுக்குப் பயந்து அடியில் ஒட்டிக் கிடந்தன. மீன் வராத மேற்பக்கத்திலோ, அதே குஞ்சுகள் பட்டப்பகலில் கற்களின் முதுகில் ஏறிப் பாசி மேய்ந்தன. கற்கள் கழுவிவைத்த கோப்பைபோல இருந்தன. அந்தக் குஞ்சுகளைத் தின்னத் தும்பிக் குஞ்சுகள்; இறக்கை முளைக்கும்வரை அவையும் தண்ணீருக்குள்தான். ஒன்று நெருங்கியதும் சின்னவை பிடியை விட்டு நீரோடு போயின. படம் எடுக்கவும் மறந்து அரை மணித்தியாலம் குந்தியிருந்தேன். வயிறு பற்றி எரிந்தது.

அப்போதுதான் ரிஸ்வான் கேட்டார்: “இந்தப் பக்கம் நுளம்புக் கரைச்சல் கூட. உங்கட வாய்க்கால்ல கப்பி மீன் நிறைய இரிக்குத்தானே? கொஞ்சம் புடிச்சுத் தாங்களேன், இதுக்குள்ள விடுவம்.”

டெங்குக்குப் பயந்து, நுளம்புக் குஞ்சைத் தின்னும் என்று என் வாய்க்காலில் கப்பி விட்டவன் நானேதான். நுளம்பு குறைந்ததோ தெரியாது, மற்றப் பூச்சியெல்லாம் இல்லாமல் போயிற்று. ஏன் என்பது இந்தப் பாறையைப் பார்த்த பிறகுதான் எனக்கு விளங்கியது. அவருக்கு இன்னும் விளங்கவில்லை. ஒரு போத்தல் கப்பி போதும், நாற்பத்தோராவது படம் வராது.

“ஓம், திங்கக்கிழமை கொண்டு வாறன்,” என்றேன்.

மதியம் அவர் வீட்டில் சாப்பாடு. கேட்காமலே இரண்டாம் முறையும் சோறு போட்டார்கள். இரண்டேகாலுக்குப் பஸ் தரிப்பிடத்தில் சொல்லிவிட்டேன்.

“ரிஸ்வான், கப்பி விடாதேங்கோ. குஞ்செல்லாத்தையும் திண்டுபோடும். என்ர வாய்க்கால் அப்பிடித்தான் அழிஞ்சது.”

“அப்ப ஏன் ஓம் எண்டு சொன்னீங்க?”

“எரிச்சலிலதான்.”

அவர் சிரிக்கவில்லை. ஆனாலும் பஸ் வரும்வரை பக்கத்தில் நின்றார்.

போக விரும்புகிறவர்களுக்கு: மழை ஓய்ந்த தை, மாசி நல்லது. இறப்பர்ச் செருப்பு வழுக்கும். கல்லைப் புரட்டினால் இருந்தபடியே திருப்பி வையுங்கள். எந்த மீனையும் கொண்டுபோகாதீர்கள், யார் கேட்டாலும்.

இன்று காலை ரிஸ்வான் புதுப் படம் போட்டிருக்கிறார். தோலை உரித்துக்கொண்டு தும்பி வெளியே வருகிறது, இறக்கை இன்னும் விரியவில்லை. அப்படி ஒன்றை நான் எடுத்ததே இல்லை. முதல் ஆளாக விருப்பம் போட்டேன். எரிச்சல் மட்டும் குறையவில்லை.