உப்பில்லாத கருவாடு

அந்த நவம்பர் மழையின் இரண்டாவது வாரத்தில் என் கோழிகள் தண்ணீர் குடிக்கத் தொடங்கின. கோழி தண்ணீர் குடிப்பதில் என்ன இருக்கிறது? ஆனால் இப்படி யாரும் பார்த்திருக்க முடியாது. தீவனத் தொட்டியைத் திரும்பிப் பார்க்காமல் அறுபதும் தண்ணீர்ச் சட்டிகளைச் சுற்றி நின்று, ஒன்றின் முதுகில் ஒன்று ஏறிக் குடித்தன. சட்டி காலியானதும் தலையைத் தூக்கி என்னைப் பார்த்தன. நான் ஊற்ற ஊற்றக் குடித்தன. கீழே பரப்பியிருந்த உமி சகதியாகிவிட்டது.

விலங்கியலில் பட்டம் வாங்கிவிட்டு, வேலையும் கிடைக்காமல் கல்யாணமும் வேண்டாமென்று வீட்டில் உட்கார்ந்திருந்த எனக்கு வயது இருபத்தொன்று. ஊர் முடிந்து உடைமரங்கள் தொடங்குகிற இடத்தில், பாஞ்சாலங்குறிச்சி போகிற பாதையோரம், அப்பா ஒரு ஏக்கர் வாங்கி வீடு கட்டியிருந்தார். அவர் கப்பலில் இருந்தார். வீட்டில் அம்மாவும் நானும்தான். ஒரு கோழி வளர்ப்புக் கையேட்டை மூன்று தடவை படித்து முடித்த கையோடு, அரசுப் பண்ணையிலிருந்து வெள்ளை லெகார்ன் குஞ்சுகளை அட்டைப்பெட்டியில் வைத்து பஸ்ஸில் கொண்டுவந்துவிட்டேன். கூண்டு, கம்பி வலை, தீவனக் கணக்கு எல்லாம் நானே. நாட்டுக்கோழி மாதிரி குப்பையைக் கிளறவிட மாட்டேன், எல்லாம் விஞ்ஞானப்படிதான் என்று கேட்டவர்களிடமெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்தேன். ஐந்து மாதத்தில் கொண்டைகள் சிவந்து, இன்றோ நாளையோ முட்டை என்கிற நிலைக்கு வந்திருந்தன.

செவ்வாய்க்கிழமை காலை மூன்று கோழிகள் கால் பின்னிக் கிடந்தன. தூக்கி நிறுத்தினால் ஒரு பக்கமாகச் சாய்ந்தன. எச்சம் தண்ணீராகப் போயிருந்தது. மதியத்துக்குள் மூன்றும் செத்தன. சாயங்காலம் இன்னும் நான்கு படுத்தன.

கையேட்டில் அந்தப் பக்கம் எனக்கு மனப்பாடம். கழிச்சல், கால் விழுதல், மூச்சுத் திணறல், கூட்டமாகச் சாவு. ராணிக்கெட். நம் பக்கத்தில் வெள்ளைக் கழிச்சல் என்பார்களே, அதேதான். ஒரு வீட்டில் வந்தால் தெருவையே துடைத்துவிட்டுப் போகிற நோய்.

அதற்கு ஊசி போட்டாயிற்றே என்று அம்மா கேட்டாள். ஊசி மருந்து வாங்கப் போன நாளில் என்ன நடந்தது என்று அவளுக்குத் தெரியாது. மீனுக்கு ஐஸ் போடுகிற கம்பெனியில் ஒரு பிளாஸ்க் நிறைய ஐஸ் வாங்கிக்கொண்டு பாளையங்கோட்டை போய், மருந்துக் குப்பியை அதற்குள் வைத்துத் திரும்பினேன். நேராக வீட்டுக்கு வந்திருக்க வேண்டும். பஸ் ஸ்டாண்டில் கல்லூரித் தோழி ஒருத்தியைப் பார்த்தேன். புதுத் துறைமுகத்தில் பெரிய வெளிநாட்டுக் கப்பல் நிற்கிறதாம், வா என்றாள். போனேன். இரண்டு மணி நேரம் வெயிலில் நின்று கப்பல் பார்த்தேன். வீட்டுக்கு வந்து பிளாஸ்க்கைத் திறந்தபோது உள்ளே வெதுவெதுவென்று தண்ணீர்தான் இருந்தது. குளிர்ச்சி போனால் மருந்து பயன்படாது என்று கையேட்டில் அடிக்கோடிட்டவளும் நான்தான். இருந்தும் அறுபது கோழிகளுக்கும் அதையே போட்டேன், ஒன்றும் ஆகாது என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டு.

இப்போது ஆகிக்கொண்டிருந்தது.

வேலிக்கு அந்தப் பக்கம் ஒரு மாமி இருந்தார். சொந்தமில்லை, பழக்கத்தில் மாமி. அவர் வீட்டுக்காரர் தோணியில் போய்த் திரும்பாதவர். போன தை மாதம்தான் ஒரே மகளைக் கட்டிக்கொடுத்திருந்தார். டிசம்பரில் தலைக் கிறிஸ்துமஸ். மருமகனும் அவன் வீட்டாரும் விருந்துக்கு வருவதற்காக ஆறு வான்கோழிகளை வளர்த்துக்கொண்டிருந்தார். ஆறும் தினமும் வேலியோரம் வந்து என் லெகார்ன்களை எட்டிப் பார்த்துக் குளறும். நோய் வேலிக்கு நிற்குமா?

'அண்டை வீட்டாரை உடனே எச்சரிக்க வேண்டும்' என்றும் கையேட்டில் இருந்தது. புதன்கிழமை காலை, செத்த கோழிகள் பதினொன்று ஆனதும், நான் கால்நடை ஆஸ்பத்திரிக்கு ஓடினேன். டாக்டர் நாளை வருவதாகச் சொன்னார். திரும்பி வருகிற வழியில் மாமியின் வீட்டுக்குள் நுழைந்தேன்.

"மாமி, என் கோழிக்கு ராணிக்கெட். வெள்ளைக் கழிச்சல். உங்க வான்கோழிய வேலிப் பக்கம் விடாதீங்க."

குசினியில் மீன் கழுவிக்கொண்டிருந்தவர் அப்படியே நின்றார். "மாதாவே! நெசமாவாளா?"

"நெசந்தான் மாமி. பதினொண்ணு செத்துட்டு."

"டாக்டர் சொன்னானா?"

"டாக்டர் என்னத்த சொல்ல? நானே படிச்சிருக்கேன்லா."

இந்தக் கடைசி வாக்கியத்தை இன்று எழுதும்போதும் உடம்பு கூசுகிறது.

வியாழக்கிழமை காலை மாமி வீட்டிலிருந்து ஒரு பெரிய சட்டி வந்தது. மூடியைத் திறந்தால் கறிக்குழம்பு. அம்மா வேலியருகே போய்ப் பேசிவிட்டு வந்து மெதுவாகச் சொன்னாள்.

"ஆறையும் அறுத்துட்டாளாம். நோவு வந்து சாவதுக்கு முன்ன அறுத்தா நாலு பேரு வாயிலயாச்சும் விழுமேன்னு சொல்லுதா. நேத்து சாயங்காலமே சொந்தக்காரங்களுக்கெல்லாம் பங்கு போட்டுட்டா. இது நமக்கு."

சட்டி மேசைமேல் இருந்தது. நான் அதைத் தொடவில்லை.

மதியம் டாக்டர் சைக்கிளில் வந்தார். மேற்கே கொங்குப் பக்கத்திலிருந்து மாற்றலாகி வந்த இளைஞர். செத்த கோழியொன்றைத் திண்டில் வைத்து வயிற்றைக் கீறினார். தெளிவான நீர் வழிந்து ஓடியது. இரைப்பையைப் பிளந்து வெளிச்சத்தில் பிடித்தார்.

"ஏனுங்க அம்மணி, ராணிக்கெட்டுன்னு யாரு சொன்னாங்க? ஒரு ரத்தப் புள்ளிகூட இல்லீங்களே."

"கழிச்சல் இருக்குது, கால் விழுது சார்..."

"வயிறு பூராத் தண்ணி நிக்குதுங்க. என்ன தீனி போடுறீங்க?"

தீவன மூட்டையைக் காட்டினேன். கம்பு, தவிடு, கடலைப் புண்ணாக்கு, உரலில் இடித்த மீன் தூள். அவர் ஒரு சிட்டிகை எடுத்து நாக்கில் வைத்தார். மறு நொடி திரும்பித் துப்பினார்.

"த்தூ! உப்பளத்தையே இடிச்சுப் போட்டிருக்கீங்களே!"

"உப்பா? இது உப்பில்லாத கருவாடு சார். நான் கேட்டுத்தான் வாங்குனேன். வாயில போட்டும் பாத்தேன்."

"உங்க வாயில போட்டா என்னங்க தெரியும்? இந்த ஊர்த் தண்ணியக் குடிச்சா எனக்கு ரசம் குடிச்சாப்புல இருக்குது. நீங்க அதையே இனிக்குதுங்கிறீங்க."

நான் பொய் சொல்லவில்லை. மழை பிடிப்பதற்கு முன்புவரை திரேஸ்புரம் கடற்கரையில் மணலில் சும்மா காய்ந்த சாளை மீன் கிடைத்தது. அதைத்தான் இடித்துப் போட்டுக்கொண்டிருந்தேன். போன வாரம் அது தீர்ந்தது. மழைக்குள் குடை பிடித்துக்கொண்டு மறுபடி போனேன்.

"அண்ணாச்சி, கோழிக்குப் போடணும். உப்புப் போட்டதா?"

"உப்பே இல்ல தாயி. சும்மா தூவுனதுதான்."

ஒரு துணுக்கைக் கடித்துப் பார்த்தேன். எனக்கு ஒன்றும் கரிக்கவில்லை. மழைக்காலத்தில் உப்பில்லாமல் மீன் எப்படிக் காயும் என்று கடற்கரையில் பிறந்த எனக்குத் தோன்றியிருக்க வேண்டும். தோன்றவில்லை. எங்கள் ஊரில் 'உப்பே இல்ல' என்றால் உப்பை அள்ளி அப்படியே அப்பவில்லை என்றுதான் அர்த்தம். போதாததற்கு, சேற்றில் தண்ணீர் வண்டி வர முடியாமல் நல்லதண்ணி நின்றுபோய், பிடித்த மழைத் தண்ணீரை எங்களுக்கு வைத்துக்கொண்டு கோழிகளுக்குக் கரிக்கிற கிணற்றுத் தண்ணீரை ஊற்றியிருந்தேன். உப்பைத் தின்று தாகமெடுத்து, உப்பையே குடித்திருக்கின்றன.

"தூளை நிறுத்துங்க. நல்ல தண்ணி கொஞ்சம் கொஞ்சமா வைங்க. நிக்கிறது பொழைச்சுக்கும்," என்ற டாக்டர், கை கழுவும்போது சாதாரணமாகக் கேட்டார். "அக்கம்பக்கத்துல ஒண்ணும் சொல்லலீங்களே? ராணிக்கெட்டுன்னு காதுல விழுந்தா சனங்க இருக்கறதையெல்லாம் அறுத்துப்போடுவாங்க."

மேசைமேல் சட்டி அப்படியே இருந்தது.

அவர் போனதும் அம்மா என் கையைப் பிடித்தாள். "ஏளா, வாயத் தொறக்காத. கோழி செத்துச்சு. என்ன நோவுன்னு அவளுக்கா தெரியும்? அவ கோவம் ஒனக்குத் தெரியாது. ஊரு பூரா நாறடிச்சிருவா."

மாமியின் கோபம் எனக்குத் தெரியும். தண்ணீர் வண்டிக்காரனை அவர் ஒருமுறை ஏசியதில் அவன் ஒரு மாதம் இந்தத் தெருப் பக்கமே வரவில்லை. ஆனால் எனக்கிருந்தது அந்தப் பயம் மட்டுமல்ல. தலைக் கிறிஸ்துமஸ். கட்டிக்கொடுத்து முதல் வருஷம். மருமகன் வீட்டார் முன்னால் அந்த வீட்டுக்கு இருந்த ஒரே பெருமை அந்த ஆறு பறவைகள். அதை நான் ஒரு வார்த்தையில் அறுத்துப்போட்டிருந்தேன்.

அன்று சாயங்காலமே வேலிக்கு மேலே மாமியின் தலை தெரிந்தது.

"எப்படிளா இருக்குதுவ?"

"அப்படியேதான் இருக்கு மாமி."

"அழாத. சொல்லாம இருந்திருந்தீன்னா என் வான்கோழியும் போயிருக்கும்லா. நீ படிச்ச புள்ள, முன்கூட்டிச் சொன்ன."

வெள்ளிக்கிழமையும் கேட்டார். சனிக்கிழமையும் கேட்டார். ஞாயிறு பூசைக்குப் போகும்போது, உன் கோழிக்காக ஒரு மெழுகுதிரி ஏற்றுகிறேன் என்றார். ஒவ்வொரு தடவையும் நான் 'அப்படியேதான் இருக்கு' என்றேன்.

ஆனால் அவை அப்படியே இல்லை. பத்தொன்பது போயிற்று, அதற்குப் பிறகு ஒன்றுகூடச் சாகவில்லை. படுத்தவை எழுந்தன. எழுந்தவை தின்றன. உமி காய்ந்தது. நாற்பத்தொரு கோழிகள் கொண்டையைச் சிலுப்பிக்கொண்டு வெள்ளை வெளேரென்று நடந்தன. அவை பிழைக்கப் பிழைக்க எனக்குப் பயம் கூடியது. ராணிக்கெட் வந்த கூட்டில் நாற்பத்தொன்று பிழைக்குமா? வேலிப் பக்கத்துக் கம்பி வலையில் பழைய சாக்குகளைக் கட்டித் தொங்கவிட்டேன். கோழிகள் கொக்கரித்தால் தவிட்டை வீசி வாயை அடைத்தேன். ஒரு சமயம், இன்னும் நாலைந்து செத்தாலாவது நம்பும்படி இருக்கும் என்று நினைத்தேன்.

செவ்வாய்க்கிழமை பதினோரு மணிக்கு முதல் முட்டை விழுந்தது.

கோழி வளர்த்தவர்களுக்குத் தெரியும், முதல் முட்டை இடுகிற கோழி ஊரைக் கூட்டும். அது கத்த, மற்ற நாற்பதும் சேர்ந்து கத்தின. தவிடு எடுக்க ஓடினேன். வீசினேன். ஒன்றும் கேட்கவில்லை. சாக்கின் ஓரம் விலகியது. மாமியின் முகம்.

அவர் கூட்டைப் பார்த்தார். ஒன்று ஒன்றாகப் பார்த்தார்.

"ஏளா, முட்டையா விடுதுவ?"

"மாமி, அது ராணிக்கெட் இல்ல. கருவாட்டுல உப்பு. டாக்டர் சொல்லிட்டாவ."

"எப்பச் சொன்னாவ?"

"வியாழக்கிழம."

ஏசப் போகிறார் என்று தோளைக் குறுக்கிக்கொண்டு நின்றேன். ஏசவில்லை. விரல் மடக்கி எண்ணினார். "வியாழன், வெள்ளி, சனி, ஞாயிறு, திங்க. அஞ்சு நாளு. அஞ்சு நாளும் இந்த வேலியில நின்னு ஒன்ன விசாரிச்சேன்." அப்புறம், "வான்கோழிய அறுத்தது நான்தான், நீ இல்ல. ஆனா மெழுகுதிரி ஏத்துனேன்லா? அத என்ன செய்ய?"

"மாமி, நான்..."

"கிறிஸ்துமஸுக்கு மருமவன் வருவான். வான்கோழி எங்க மாமின்னு கேப்பான். நான் பதில் சொல்லமாட்டேன். நீ வந்து சொல்லு."

சாக்கை அவரே இழுத்து மூடிவிட்டுப் போனார்.

அடுத்த ஒரு மாதமும் அவர் வேலிப் பக்கம் வரவில்லை. மருமகனிடம் சொல்ல வேண்டிய வார்த்தைகளைத் தீவனம் கலக்கும்போது சொல்லிப் பார்ப்பேன். ஒவ்வொரு தடவையும் ஏதாவது ஒரு இடத்தில் பழி திரேஸ்புரத்து அண்ணாச்சி மேலோ மழை மேலோ போய் விழும். மறுபடி முதலிலிருந்து தொடங்குவேன். போகாதே, காய்ச்சல் என்று சொல்லிவிடலாம் என்றாள் அம்மா.

கிறிஸ்துமஸுக்கு முந்தின நாள், முட்டையிடுகிற கோழிகளில் நல்லதாக ஆறைக் காலைக் கட்டித் தூக்கிக்கொண்டு போய் மாமி வீட்டு வாசலில் வைத்தேன். மாமி வாங்கிக்கொண்டார். உள்ளே வா என்று சொல்லவில்லை.

மறுநாள் மதியம் பந்தியில் மாப்பிள்ளை வீட்டார் பதினைந்து பேர் இருந்தார்கள். மருமகன் கேட்டான், மாமி சொன்னபடியே. மாமி என் பக்கம் கையைக் காட்டினார். நான் வாசல் நிலையைப் பிடித்துக்கொண்டு எல்லாவற்றையும் சொன்னேன்: ராணிக்கெட் என்று நானே தீர்மானித்தது, உப்பு, ஐந்து நாள். கப்பல் பார்க்கப் போனதையும் சொல்லிவிட்டேன், யாரும் கேட்காமலே. பின்வரிசையில் அம்மா தலையைக் குனிந்துகொண்டாள். யாரோ ஒரு கிழவர், "உப்புக்கா ஆறு வான்கோழி?" என்று கேட்டார், இரண்டு பேர் சிரித்தார்கள். மருமகன் சிரிக்கவில்லை. மாமியைப் பார்த்தான்.

"சொல்லிட்டால்லா," என்றார் மாமி. "இலையப் போடு அவளுக்கு."

என்னை உட்கார வைத்து, என் கோழிகளின் கறியை எனக்கே பரிமாறினார். இறங்கவில்லை. அவர் கரண்டியைப் பிடித்தபடி பக்கத்திலேயே நின்றார், நான் தின்று முடிக்கும்வரை.