உள்ளே பார்த்த சீல்

சேக் மைதீன் மதுரை சிம்மக்கல்லில் பஸ் கியர்பாக்ஸ் வேலை பார்த்தவர். மேதை அல்ல. இருபது வருடம் ஒரே வேலையைக் கவனமாகச் செய்தார், அவ்வளவுதான். தங்கை சபுராவைத் தொண்டியில் கட்டிக்கொடுத்தபோதுதான் முதன்முதலாகக் கடலைப் பார்த்தார்.

1978இல் சபுராவின் கணவர் சுலைமான் பழைய மோட்டார் படகு ஒன்றை வாங்கினார். இன்ஜின் படகுக்குள் இருக்கும். கியர் மட்டும் பின்பலகைக்கு வெளியே, ஒரு கால் போலத் தண்ணீருக்குள் தொங்கும். அதன் நுனியில் படகைத் தள்ளும் விசிறி. அந்தக் காலைக் கழற்றிச் சாக்கில் சுற்றி, பஸ் மேலே போட்டு மதுரைக்குக் கொண்டுவந்தார்.

"மச்சான், அங்கிட்டு இதத் தொட ஆளில்ல. நீங்கதான் பாக்கணும்."

"ஆட்டுக்காலக் கொண்டாந்தா சூப்பாவது வைக்கலாம் மாப்ள. இத வச்சு என்ன செய்ய?"

விசிறித் தண்டைக் கழற்றத் தோதான கருவி கிடைக்கவில்லை. பழைய ஸ்பிரிங் பட்டையில் இரண்டு கொக்கி வளைத்து, நடுவில் போல்ட் வைத்து அவரே ஒன்று செய்தார். தண்டைச் சுற்றி, கசிவைத் தடுக்கும் ரப்பர் வளையங்களாக இரண்டு ஆயில் சீல்கள் இருந்தன. ஒன்றின் ரப்பர் விளிம்பு உள்ளே எண்ணெயைப் பார்த்தும் மற்றதன் விளிம்பு வெளியே பார்த்தும் இருந்தன.

"எவனோ வெவரங்கெட்டவன் ஒண்ணத் தலைகீழா மாட்டியிருக்கான்."

"சரி பண்ணிருங்க மச்சான்."

அதே அளவில் புது சீல்கள் வாங்கி இரண்டையும் உள்ளே பார்த்து மாட்டினார். பஸ்ஸில் அதுதான் முறை. எண்ணெய் வெளியே போகக் கூடாது. சாலையில் ஓடும் வண்டிக்குள் நுழைய வெளியே எதுவும் காத்திருப்பதில்லை.

ஐப்பசிக் காற்றில், கரை தெரியாத தூரத்தில் கியர் இறுகி நின்றது. என்னவென்று பார்க்கத் தண்ணீரில் இறங்கிய சுலைமானை அலை இழுத்துக்கொண்டது. கூடப் போன சோணை படகோடு மறுநாள் உயிருடன் கிடைத்தான். சுலைமானின் உடல் நான்காம் நாள் ஒதுங்கியது. எல்லோரும் விதி என்றார்கள்.

படகின் அந்தக் கியர்க் காலை விற்றுத் தரலாம் என்று சேக் மைதீன் எடுத்துவந்தார். பிரித்தபோது எண்ணெய் பால் கலந்த தேநீர் நிறத்தில் வழிந்தது. கடல்நீர். உள்ளே பேரிங் உருகி ஒட்டியிருந்தது. முன்பு மாட்டியவன் விவரமானவன் என்று அப்போது புரிந்தது. ஒரு சீல் எண்ணெயைக் காக்க, மற்றது தண்ணீரைத் தடுக்க.

சபுரா தொண்டியில், கணவனை இழந்தவள் வீட்டோடு இருக்கும் இத்தாவில் இருந்தாள். அந்த நான்கு மாதம் பத்து நாளும் அவர் தன் தவறை மனதில் சுமந்தார். வேறு யாருக்கும் தெரிய வழியில்லை. பொய் சொல்லக்கூட வேண்டாம், சும்மா இருந்தால் போதும். சும்மா இருப்பதும் ஒரு செயல்தான் என்பதை அவர் யாரிடமும் படித்ததில்லை.

இத்தா முடிந்து அவளை மதுரைக்கு அழைத்துவந்த அன்று மதியமே பட்டறைக்குக் கூட்டிப்போய்ச் சொன்னார். அந்த சீல் வளையத்தைக் கையில் வைத்துக் காட்டினார்.

"திருப்பி மாட்ட எம்புட்டு நேரம் ஆவும்ணே?"

"அஞ்சு நிமிசம்."

சபுரா அந்த வளையத்தை வாங்கி மறுபக்கம் திருப்பினாள்.

"என்னைய ஏசிரு ஆத்தா."

"ஏசுனா?"

முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு சபுரா கேட்டாள்.

"இந்தக் கியர யாரு வாங்குறா?"

"மண்டபத்துல ஒரு படகுக்காரரு கேட்டிருக்காரு."

"அவுக வீட்லயும் பொம்பள இருப்பா. சரியா மாட்டிக் குடு."

புது பேரிங், புது சீல்கள்; ஒன்று உள்ளே பார்த்து, மற்றது வெளியே பார்த்து. எண்ணெய் நிரப்பி, காலைத் தண்ணீர்த் தொட்டிக்குள் இறக்கி, விசிறியைக் கையால் சுழற்றிவிட்டார். மூன்று நாள் அது அங்கே கிடந்தது. அந்த மூன்று நாளும் சபுரா சோறு கொண்டுவந்து வைத்துவிட்டுப் போனாள். மூன்றாம் நாள் அதை வெளியே தூக்கி, அவள் எதிரிலேயே அடித் திருகைக் கழற்றினார். எண்ணெய் தேன் நிறத்தில், தெளிவாக இறங்கியது.

சபுரா அதில் விரலை நனைத்துப் பார்த்தாள். பிறகு அந்தக் கையை என்ன செய்வதென்று தெரியாதவள் போல நீட்டியபடியே நின்றாள்.