நட்டு கோத்த ஜெபமாலை

எங்கள் வீட்டம்மாவின் ஜெபமாலையில் நடுவாக்கில் ஒரு மணி கிடையாது. அந்த இடத்தில் ஒரு சின்ன இரும்பு நட்டு இருக்கும். கோத்தவன் நான்தான். கல்யாணமான புதிதில், செந்துறை பஸ்ஸில் ஏறும்போது மாலை அறுந்து ஒரு மணி படிக்கட்டு வழியாக ரோட்டில் உருண்டு காணாமல் போயிற்று. அவள் அம்மா கொடுத்த மாலை அது. வேறு மாலை வேண்டாமென்று அழுதாள். அப்போது நான் லாரியில் கிளீனர். டூல்ஸ் பெட்டியைக் கவிழ்த்து, இருப்பதிலேயே சின்ன நட்டாகப் பார்த்து எடுத்து, துருவைத் தேய்த்து, கம்பியில் கோத்து முறுக்கிக் கொடுத்தேன். அழுத கண்ணோடு சிரித்துவிட்டாள். "மாதாவுக்கே ஸ்பேர் பார்ட்ஸ் போட்ட ஆளு ஒலகத்துலயே நீங்க ஒருத்தர்தாங்க" என்றாள். அன்றிலிருந்து சாயங்கால ஜெபத்தில் விரல் அந்த நட்டுக்கு வந்தால் கொஞ்சம் நின்றுதான் நகரும். மற்ற மணிகள் ஊருக்கு, பிள்ளைகளுக்கு, செத்துப்போனவர்களுக்கு. "இது மட்டும் உங்களோடதுங்க" என்பாள்.

நான் நாலாம் வகுப்போடு நின்றவன். அவளைக் கட்டுவதற்காகவே ஞானஸ்நானம் வாங்கினவன். கோயிலில் எனக்குக் கடைசி பெஞ்சு. பிரசங்கம் ஆரம்பித்தால் தூக்கம். ஆனால் உழைப்பில் என்னோடு போட்டி போட இந்தப் பக்கத்தில் ஆள் கிடையாது. சுண்ணாம்புக்கல் ஏற்றுகிற டிப்பர் லாரிகள் இன்று அரியலூர் ரோட்டில் என் பெயரைச் சுமந்துகொண்டு ஓடுகின்றன. ஒருத்தன் கையை எதிர்பார்த்து நான் நின்றதில்லை. கண்ணை மூடிக்கொண்டு சத்தத்தைக் கேட்டே எந்த இன்ஜினுக்கு என்ன கோளாறு என்று சொல்லிவிடுவேன். "எல்லாம் இந்தக் கை சம்பாதிச்சது" என்று நான் மீசையைத் தடவினால் அவள் விடமாட்டாள். "ஆமா, கை! நான் அந்த நட்டைத் தேய்ச்சுத் தேய்ச்சுக் கேட்டது யாரு கணக்குல போச்சாம்?" என்பாள். சரி, பாதி உனக்கு என்று விட்டுக் கொடுப்பேன். பெரிய மனசோடு கொடுப்பதாக நினைப்பு எனக்கு.

இன்ஜின் கோளாறைப் பிடிக்கிற அந்தக் காதுதான் எனக்கு எமனாக வந்தது. ஒரு நாள் மாடிப்படி ஏறி வந்து உட்கார்ந்தவளின் மூச்சைக் கேட்டேன். உள்ளே ஏதோ கிழிகிற மாதிரி ஒரு சத்தம். அன்றைக்கே அவளை வண்டியில் ஏற்றினேன். திருச்சியில் படம் எடுத்துப் பார்த்துவிட்டு, நுரையீரல் இறுகிக்கொண்டே வருகிறது, பழையபடி ஆகாது என்றார்கள். நான் சும்மா இருப்பேனா? வீட்டிலேயே ஆக்சிஜன் மிஷின் வைத்தேன். கரண்டு போனால் அது நிற்கக் கூடாதென்று ஜெனரேட்டர் வைத்தேன். மிஷின் இரவும் பகலும் ஓடியது. அவள் மூச்சு மட்டும் குறைந்துகொண்டே போனது.

எங்கள் ஜெபம் இரண்டு பேர் சொல்வது. ஒருவர் முன்பாதியை எடுத்துச் சொன்னால் மற்றவர் பின்பாதியைச் சொல்லி முடிக்க வேண்டும். இத்தனை காலமும் அவள் எடுத்துச் சொல்வாள், நான் கொட்டாவியோடு முடித்து வைப்பேன். இப்போது எடுத்துச் சொல்ல அவளுக்கு மூச்சு இல்லை. "இனிமே நீங்க ஆரம்பிங்க" என்று மாலையை என் கையில் திணித்தாள். லாரி ஸ்டாண்டையே அதட்டுகிற தொண்டை எனக்கு. மாதா பெயரைச் சொன்னதும் அடுத்த வரி மறந்து திரும்ப முதலிலிருந்து ஆரம்பித்தேன். பிறகு அவளுடைய பின்பாதி வெறும் உதட்டசைவானது. அதற்கும் பிறகு, ஒவ்வொரு மணிக்கும் என் விரலை ஒரு அழுத்து அழுத்துவாள், அதுதான் பதில்.

அந்த வருஷத் திருவிழாவுக்கு வேளாங்கண்ணிக்கு நடந்தே போனேன். ஊருக்கே லாரி விடுகிறவன், காவித் துணி கட்டிக்கொண்டு தார் ரோட்டில் வெறுங்காலோடு நடந்தேன். யாரிடமும் கையேந்தாதவன் மாதா சுரூபத்தின் முன்னால் முட்டி போட்டு ஏந்தினேன். திரும்பி வந்ததும் அவள் முகத்தைப் பார்க்கவில்லை, மூச்சைத்தான் கேட்டேன். அதே சத்தம். அவள் என் பாதத்துக் கொப்புளங்களைத் தடவியபடி விட்டு விட்டுப் பேசினாள்.

"மாதா பாத்திருப்பாங்க."

"பாத்துட்டு என்ன பண்ணினாங்க?"

"பேரம் பேசாதீங்க. அவங்க என்ன லாரி புரோக்கரா?"

சிரிக்கப் போய் இருமல் பிடித்துக்கொண்டது. அடங்கியதும், "நான் போனா இந்த மாலையவே என் கையில சுத்துங்க. அங்க போயும் உங்களுக்குச் சொல்லணும்ல" என்றாள். சரி, சுத்துறேன் என்று சொல்லிவிட்டு நான் எழுந்து ஜெனரேட்டருக்கு டீசல் ஊற்றப் போய்விட்டேன்.

உச்சிப்பொழுதில் போனாள். அப்போதும் நான் முன்பாதியைச் சொல்லிக்கொண்டுதான் இருந்தேன். விரல் அழுத்தவில்லை. மாலையைச் சுற்ற வந்த கோயில் உபதேசியார் தயங்கினார். "அண்ணே, கோயில்ல புது மாலை இருக்கு. நட்டு போட்டதையா வைக்கிறது?" அதைத்தான் வைக்க வேண்டுமென்றேன். சொல்லும்போதே என் கை அதைப் பிடுங்கிக்கொள்ளத் துடித்தது. கொடுத்த வாக்கைக் காப்பாற்றுகிறவன் என்று பெயர் வாங்கியவனாயிற்றே. கையைக் கட்டிக்கொண்டு நின்றேன். பெட்டியை மூடினார்கள்.

பிறகு ஒரு நாள் உபதேசியார் வீட்டுக்கு வந்து, அந்தப் புது மாலையை என்னிடம் கொடுத்தார்.

"மாதா மேல கோபமா அண்ணே?"

"கோபப்பட எதிர்ல ஆளு இருக்கணும்ல உபதேசியாரே" என்றேன். அவர் காப்பியைக் குடிக்காமலே போனார்.

விசுவாசம் எனக்கு இருக்கிறதா என்று கேட்டால் தெரியாது. அவளுக்கு இருந்தது, நான் அதில் ஒண்டிக் கிடந்தேன். சாயங்காலமானால் மட்டும் கை தானாக அந்தப் புது மாலையை எடுக்கிறது. மூலையில் மிஷின் துணி மூடிக் கிடக்கிறது. வீட்டில் ஒரு சத்தமில்லை. முன்பாதியைச் சொல்லி நிறுத்துகிறேன். கொஞ்சம் காத்திருந்துவிட்டு அடுத்த மணிக்குப் போகிறேன். அங்கே போயும் எனக்காகச் சொல்கிறாளோ என்னவோ, இங்கே கேட்கவில்லை. நட்டு இருக்க வேண்டிய இடம் வந்தால் விரல் நின்றுவிடுகிறது. தடவித் தடவிப் பார்க்கிறேன். எல்லா மணியும் ஒரே வழவழப்பு. இந்த மாலையில் எனக்கென்று ஒரு மணி இல்லை.